கன்னியம்மா நனைத்த திரை

ஆவடிப் பக்கம் இப்போது பட்டாள லாரி ஓடாத பாதை இல்லை. அந்த லாரிகளுக்கு நடுவே, தோளில் துணிப்பையோடு, யாருக்கும் ஒதுங்காமல் வேகமாக நடந்து போகிற ஒரு பெண்ணைப் பார்த்தால் அது கன்னியம்மாவாக இருக்கும். பையில் கத்தரிக்கோல், கொதிக்க வைத்த நூல், டிங்சர் புட்டி, சோப்பு. பிரசவத்துக்குப் போகிறவள் வழியில் எதற்கும் நிற்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். லாரியையும் சேர்த்து நான் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

கள்ளிக்குப்பத்திலும் அம்பத்தூரிலும் இன்று ஓடி விளையாடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோரை முதலில் ஏந்தியது அவளுடைய இடது கை. அந்தக் கைக்கு ஊர் சம்மதித்தது ஒரு சினிமாக் கூடாரத்தில். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எத்திராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படங்கள் பேசாத காலம் அது. அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலி நிலத்தில் எத்திராஜ் கூடாரம் போட்டிருந்தார். மற்ற நாட்களில் அவரும் எல்லாரையும் போலப் புராணப் படமும் கத்திச் சண்டையும் காட்டினார். சனிக்கிழமை மட்டும் வேறு. பட்டணத்துக்குப் போய், பெரிய கொட்டகைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய படப்பெட்டிகளைத் தேடிப் பிடித்து வருவார். துறைமுகத்தில் கப்பல் ஆட்களிடம் கேட்டு வாங்குவார். அவை கம்பெனிகள் எடுத்த படங்கள் இல்லை. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர், தன் சொந்த ஆசைக்கு, ஒரு காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அங்குள்ள ஜனங்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே எடுத்தவை. ராஜா வேஷம் கிடையாது. கல்யாணத்தில் முடியாது. நடுநடுவே வரும் எழுத்து என்ன பாஷை என்று எத்திராஜுக்கே தெரியாது. தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, "இது குளிர் தேசம், பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமைகளில் அம்பத்தூருக்கே ஜுரம் வந்தது போல இருக்கும். நாற்றுப் பறிக்கிற இடத்திலும் கிணற்றடியிலும், இந்த வாரம் எந்த ஊர் வருகிறது என்பதுதான் பேச்சு. ஒரு வாரம், உறைந்து போன ஏரியை ரம்பத்தால் அறுத்து, கட்டி கட்டியாக வண்டியில் ஏற்றினார்கள். கூடாரமே எழுந்து நின்றுவிட்டது. ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கிறவர்கள் இங்குள்ளவர்கள். இப்படி ஏரியையே அள்ளிக்கொண்டு போனால் கடைசி மடைக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு பெரியவர் எத்திராஜோடு சண்டைக்குப் போய்விட்டார். இன்னொரு வாரம், கடலுக்கு நடுவே ஒரு கல் கோபுரத்தில் ஒரு கிழவர் தனியாக இருந்து கப்பல்களுக்கு விளக்கேற்றினார். அவருக்கு யார் சமைப்பது என்று பெண்கள் பக்கம் கவலை வந்தது. அடுப்பு காட்டப்பட்டதும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. நானும் விடமாட்டேன். பூந்தமல்லியில் சுகாதார நர்சாக இருந்தேன். சனிக்கிழமை என்றால் அம்பத்தூர்ப் பக்கத்தில் பார்க்க வேண்டிய கர்ப்பிணிகள் எனக்குத் தானாக ஞாபகம் வருவார்கள்.

கன்னியம்மாவுக்கு அங்கே வேலை இருந்தது. படம் விழுகிற திரை வெறும் வெள்ளைத் துணிதான். முன்னால் மணலிலும் பெஞ்சியிலும் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். துணிக்குப் பின்னாலும் ஆட்கள் உட்காருவார்கள். சேரிக்காரர்களின் இடம் அதுதான் என்று ஊர் வைத்திருந்தது. துணி காய்ந்திருந்தால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் மங்கலாகத் தெரியும். நனைந்திருந்தால் வெளிச்சம் ஊடுருவி, முன்பக்கம் போலவே பளிச்சென்று தெரியும். ஆகையால் ஒவ்வொரு சுருளுக்கும் முன்னால் திரையை நனைக்க வேண்டும். கன்னியம்மா ஏணியில் ஏறி நின்று, தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு, இடது கையால் ஒரு வீச்சு வீசுவாள். மேல் முனையிலிருந்து அடி வரை தண்ணீர் சீராக இறங்கும். திட்டுத் திட்டாக நிற்காது. இறங்கி வந்து முதல் ஆளாகத் துணியை ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். உலகத்தை அவள் பார்த்ததெல்லாம் அந்த ஈரத் துணியின் பின்பக்கத்திலிருந்துதான்.

பிறவியிலேயே இடது கைக்காரி. சின்ன வயதில் அவள் அம்மா அந்தக் கையைக் கந்தைத் துணியால் கட்டிப் போட்டாள். அது பலிக்காமல் சூடும் போட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. நடவு நடும்போது பக்கத்தில் இருப்பவளின் முழங்கையோடு இடிக்கிறது என்று வரிசையின் கடைசியில் நிறுத்துவார்கள். புகுந்த வீட்டில் சோறு பரிமாற விடவில்லை. புருஷன் வேம்புலி செங்கல் சூளையில் வேலை செய்தவன். எந்தக் கையால் போட்டாலும் சோறு சோறுதான் என்பான், அவன் அம்மா வீட்டில் இல்லாதபோது.

ஒரு சனிக்கிழமை எத்திராஜ் ஒரு தீவுப் படம் கொண்டுவந்தார். அந்தத் தீவுக்காரி ஒருத்தியே எடுத்த படமாம். பெட்டியைக் கொடுத்த கப்பல் ஆள் சொன்னது. காற்றடிக்கிற கல் தீவுகள். ஒரு நர்ஸ் படகில் ஏறித் தீவு தீவாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள். அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்து வேலை கற்றுக் கொடுக்கிறாள். பிரசவத்தைக் காட்டவில்லை. ஆனால் பிறந்த பிள்ளையைத் துடைப்பதும், தொப்புள் கொடியில் முடிச்சுப் போடுவதும், குளிப்பாட்டுவதும் அப்படியே இருந்தன. கூடாரத்தில் சீழ்க்கை இல்லை, பேச்சு இல்லை. எனக்கே முடிச்சுப் போடுகிற இடத்தில் கை துறுதுறுத்தது. படம் முடிந்ததும் கன்னியம்மா குவளையும் கையுமாக என்னைத் தேடி வந்து, அந்த வேலையை இங்கே யார் கற்றுக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அதே படத்தைப் போடச் சொல்லி எத்திராஜை அவள் நச்சரித்தாள். ஜனங்களும் கேட்டார்கள். அவரும் போட்டார்.

அப்போது எங்கள் சுகாதார ஆபீசில் ஊருக்கு ஒரு மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்துப் பூந்தமல்லியில் பயிற்சி கொடுத்து வந்தோம். கன்னியம்மாவின் ஊரான கள்ளிக்குப்பத்தில் பழைய மருத்துவச்சிக்குக் கண் மங்கிவிட்டது. கொடியை எங்கே அறுக்கிறோம் என்று தடவிப் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தாள். அவசரமாகப் புது ஆள் வேண்டும். ஆனால் ஊர் சம்மதிக்காமல் யாரையும் எடுப்பதில்லை. ஊர் கூப்பிடாத மருத்துவச்சிக்கு என்னதான் கற்றுக் கொடுத்தாலும் அவள் வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருப்பாள்.

பெண்களை எல்லாம் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டி, யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். கன்னியம்மா எழுந்து நின்றாள். உடனே எல்லாப் பெண்களும் வரலட்சுமி அம்மாளைப் பார்த்தார்கள்.

வரலட்சுமி அம்மாள் ஊரின் பெரிய விவசாயி ஜானகிராமனுடைய மனைவி. கனத்த உடம்பு, கணீரென்ற குரல். அந்த அம்மாள் கூப்பிடுகிற மருத்துவச்சியைத்தான் மற்ற வீடுகளும் கூப்பிடும். மருமகள் பூங்காவனத்துக்கு அப்போது ஆறாவது மாதம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சனிக்கிழமைப் படம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் சொந்தப் பாயை விரித்து, முறுக்கு டப்பாவோடு உட்காருவார்.

"பீச்சாங்கையால கொயந்தைய எடுப்பாளா?" என்றார் வரலட்சுமி அம்மாள். "பொறந்ததும் சேனை வெக்கிற கையா அது? போடி, போய் தண்ணி ஊத்து."

கன்னியம்மா உட்காரவில்லை. "இன்னாம்மா, நீங்களே இப்டி சொல்றீங்க? சனிக்கெயமை தவறாம படம் பாக்கறீங்க. ஒலகத்துல அல்லாரும் பீச்சாங்கையாலதான் துன்றாங்க. பீச்சாங்கையாலதான் எய்துறாங்க. அந்தத் தீவு நர்சம்மா எந்தக் கையால முடிச்சு போட்டாங்க? சோத்தாங்கை பயக்கம் நம்ம ஊர்ல மட்டுந்தான் கீது."

வரலட்சுமி அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "யாருடி பீச்சாங்கையால துன்னது? நான் முன்னால குந்திகினு பாக்கறேன். அல்லாரும் சோத்தாங்கைதான்."

சேரிப் பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஏரியை அறுத்தவன் ரம்பத்தை எந்தக் கையில் பிடித்தான், விளக்குக் கிழவர் கரண்டியை எந்தக் கையில் பிடித்தார் என்று அடுக்கினார்கள். எல்லாம் இடது. ஊர்ப் பெண்களும் விடவில்லை. அதே ரம்பம், அதே கரண்டி, எல்லாம் வலது. ஒரு பக்கம் சத்தியம் செய்தது, மறுபக்கம் கற்பூரத்தை அணைக்கத் தயார் என்றது. இரண்டு வருஷமாக ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்தவர்கள்தான். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வழி. வந்த வழியே போய்விடுவார்கள். ஒருவரோடு ஒருவர் படத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது, எலும்பு முறிந்த கையின் படத்தைத் திருப்பிப் பிடித்து டாக்டரிடம் திட்டு வாங்கியவள் நான். முன்பக்கத்தில் வலது என்றால் பின்பக்கத்தில் இடது என்று சொன்னேன். அதுவரை ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்த இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் திரும்பின. துணி கையை மாற்றுமா என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர் ஊற்றினால் கை மாறுமா என்று இன்னொருத்தி கேட்டாள். வாயால் விளக்கிப் பயனில்லை என்று தெரிந்ததும், சனிக்கிழமை இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள் என்றேன்.

வரலட்சுமி அம்மாள் அந்த இடத்திலேயே பந்தயமும் கட்டிவிட்டார். "அவ சொல்றது நெசமாயிருந்தா என் மருமவ பிரசவத்துக்கு அவதான். பொய்யாயிருந்தா மருத்துவச்சிப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியாடி?"

"சரிம்மா" என்றாள் கன்னியம்மா.

எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்: உன் கை நல்ல கை, நடுங்காத கை, அதை வைத்து நான் வாதாடியிருப்பேன், நீ போய் உலகத்தின் மேல் பந்தயம் கட்டிவிட்டாய், தோற்கப் போகிறாய். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

"எங்கண்ணு பொய் சொல்லாது நர்சம்மா. நீங்க வந்து பாருங்க."

அந்தச் சனிக்கிழமை கூடாரம் தாங்கவில்லை. திருமுல்லைவாயிலிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சேரிக்காரர்கள் முன்னால் வருவதா என்று சில ஆண்கள் முறைத்தார்கள். இன்றைக்குப் பரீட்சை, அவ்வளவுதான் என்று எத்திராஜ் அவர்களைச் சமாதானப்படுத்தினார். இரண்டு பேர் கோபமாக எழுந்து வெளியே போனார்கள். படம் தொடங்கியதும் கூடாரத் துணியின் ஓட்டை வழியாக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

வரலட்சுமி அம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ஜானகிராமன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெண்டாட்டி போன திசை தனக்குத் தெரியாது என்பது போல உட்கார்ந்திருந்தார். இடம் மாறாமல் பின்னாலேயே இருந்த சேரிப் பெண்கள் பழக்கத்தில் எழுந்து ஒதுங்கினார்கள். "எங்கடி போறீங்க? குந்துங்க, மறைக்காதீங்க" என்று அந்த அம்மாள் அதட்டினார். நான் திரையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். கன்னியம்மா திரையை நனைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக முன்பக்கத்து மணலில் வந்து உட்கார்ந்தாள்.

படகு வந்தது. தீவு வந்தது. ஒரு வீட்டில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள்.

பின்னாலிருந்து வரலட்சுமி அம்மாளின் குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது. "அடியே, அல்லாம் பீச்சாங்கைடி!"

பின்பக்கம் முழுவதும் சிரிப்பு. அந்த அம்மாள் தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் ஓரத்திலிருந்து பார்த்தேன். முன்பக்கத்தில் கன்னியம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கஞ்சி குடித்தவர்கள், கயிறு இழுத்தவன், எழுதியவன், படகு நர்ஸ், எல்லாரும் வலது கைக்காரர்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தாள்.

முதல் சுருள் முடிந்து விளக்கு ஏற்றினார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் கன்னியம்மா எழுந்து நின்றாள். சேரிப் பெண்கள் உட்காரு உட்காரு என்று முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றாள், திரையைப் பார்த்து. "அல்லாரும் சோத்தாங்கைதான். நீங்க சொன்னதுதான் சரி."

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "இன்னாடி தப்பு? நீ சொன்னதுதான் நெசம். நான் இப்பதான பாத்தேன். ஒருத்தன்கூட சோத்தாங்கை இல்ல."

"இல்லம்மா, சோத்தாங்கைதான்."

"பீச்சாங்கைதாண்டி. எனக்கேவா சொல்ற?"

கூடாரம் வெடித்துவிட்டது. முந்தைய வாரம் இவள் சொன்னதை அவரும், அவர் சொன்னதை இவளும் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு ஈரத் துணியை வைத்து வாதாடினார்கள். ஜானகிராமனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்திராஜ் தகரக் குழலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணை இழுத்து, விளக்குக்கும் திரைக்கும் நடுவே நிறுத்தி, ஒரு கையைத் தூக்கச் சொல்லி, அதே நிழல் கை முன்னால் வலதாகவும் பின்னால் இடதாகவும் தெரிவதைக் காட்டினேன். இந்த முறை இரண்டு பக்கமும் தலையாட்டின. கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் என்னோடு சண்டை இல்லை.

ஆனால் கன்னியம்மாவுக்கு அது உதவவில்லை. அவள் பொய்க்காரி இல்லை என்பது மட்டும் தீர்ந்தது. படம் காட்டுகிற மிஷின் இருக்கிற முன்பக்கம்தான் நேர் என்பதால், உலகம் வலது கை என்பதும் தீர்ந்தது. தீர்ப்பை வரலட்சுமி அம்மாள் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் அவசியமில்லை என்பது போல முன்பக்கத்துப் பெண்கள் முறுக்குத் தின்னத் தொடங்கினார்கள். கன்னியம்மா உட்கார்ந்த இடத்தில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுருள் ஓட ஆரம்பித்தது. சிரித்த சிரிப்பில் திரையை நனைக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

"ஒண்ணும் தெரியல. தண்ணி ஊத்துடி" என்று பின்னாலிருந்து வரலட்சுமி அம்மாள் கத்தினார். "எவ்ளோ வெக்கையா கீது இங்க."

கன்னியம்மா ஓடிப்போய் ஏணியில் ஏறினாள். படம் ஓடும்போதே நனைத்தாள். அவள் கையின் நிழல் திரையில் பெரிதாக விழுந்து போனது. இறங்கித் திரும்பவும் முன்பக்கம் வந்தாள். அங்கே நர்ஸ் ஊர்ப் பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நீளமான பெஞ்சியில் வரிசையாகப் பெண்கள். ஆளுக்கு ஒரு துணிப் பொம்மை. எல்லாரும் பொம்மைக்கு நூல் முடிச்சுப் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டிப் பழகினார்கள்.

கன்னியம்மா பாதி உட்கார்ந்தவள் அப்படியே எழுந்தாள். திரைக்கு வெகு அருகில் போய்விட்டாள். மறைக்கிறது, உட்கார் என்று மணலில் இருந்தவர்கள் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அவள் காதில் விழவில்லை. பெஞ்சியின் கடைசியில் இருந்த பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"நர்சம்மா, இவளைப் பாருங்க. இவ மட்டும் பீச்சாங்கை."

பார்த்தேன். உண்மைதான். மற்றவர்கள் எல்லாரும் கத்தரியை வலது கையில் பிடித்திருக்க, கடைசிப் பெண் இடது கையில் பிடித்திருந்தாள்.

"பின்னால குந்திகினு பாக்கறப்பல்லாம் இவ ஒருத்திதான் சோத்தாங்கை" என்றாள் கன்னியம்மா. "இவ ஒருத்தி இன்னா நம்மூர்க்காரி மாதிரி கீறாளேன்னு சிரிச்சிகினு கெடந்தேன். கடசீல உக்கார வெச்சிகிறாங்க பாருங்க. முயங்கை இடிக்கும்னுதான்."

"எவடி அவ?" என்று கேட்டுக்கொண்டே வரலட்சுமி அம்மாள் பாயும் டப்பாவுமாகக் கூடாரத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக முன்பக்கம் வந்து சேர்ந்தார். அதற்குள் வகுப்புக் காட்சி முடிந்து அதே பெண் ஒரு வீட்டுக்குள் தனியாக இருந்தாள். நர்ஸ் இல்லை. இவளே முழு மருத்துவச்சி. படுக்கையில் தாய். இவள் கையில் பிள்ளை. முடிச்சுப் போட்டாள். இடது கையால் கத்தரியை எடுத்தாள், வெட்டினாள். பக்கத்தில் அந்த வீட்டுக் கிழவி, பிள்ளையைச் சுற்றத் துணியை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பப் போடு" என்றார் வரலட்சுமி அம்மாள்.

படம் அறுந்துவிடும் என்றார் எத்திராஜ். அறுந்தால் ஒட்டிக்கொள் என்று கூடாரம் முழுவதும் குரல் கொடுத்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே கையால் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவந்தார். திரும்பவும் வீடு, தாய், பிள்ளை, கத்தரி. எல்லாரும் அந்த இடது கையைப் பார்த்தார்கள். வரலட்சுமி அம்மாள் மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கெயவி மூஞ்சப் பாரு" என்றார். "அவ கையப் பாக்கவேயில்லடி. கொயந்தையத்தான் பாத்துகினு கீறா."

இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு பாயை விரித்து உட்கார்ந்து, கன்னியம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கன்னியம்மா மணலில் உட்கார்ந்தாள். முறுக்கு டப்பா அவள் பக்கம் நகர்ந்தது.

"பிரசவத்துக்கு வாடி. ஆனா சேனை மட்டும் நான்தான் வெப்பேன்."

"சேனையே கூடாது" என்றேன் நான். இதை நான் அப்போதே சொல்லியாக வேண்டும். பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரை யார் எந்தக் கையால் வைத்தாலும் வயிற்றுப்போக்குதான். தாய்ப்பால் போதும். வரலட்சுமி அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், கன்னியம்மாவின் கை பெரிய குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தச் சண்டையை நாங்கள் இரண்டு பேரும் பிரசவம் நெருங்கும் வரை போட்டோம். கடைசியில் ஒரு துளி, கொதித்து ஆறிய தண்ணீரில், என் எதிரில் என்று முடிந்தது.

கன்னியம்மா அடுத்த திங்கட்கிழமையே பூந்தமல்லி வந்துவிட்டாள். வேம்புலிதான் கொண்டு வந்து விட்டான். கூடாரத்தில் திரை நனைக்கிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். திட்டுத் திட்டாக நனைத்து, பின்பக்கத்தில் இருப்பவர்களிடம் வாரா வாரம் ஏச்சு வாங்கினான். வகுப்பில் ஒரே ஒரு தொந்தரவு வந்தது. கடையில் விற்கிற கத்தரிக்கோல் வலது கைக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் அலகு விலகி, நூலை வெட்டாமல் மெல்லும். நான் ஒரு கொல்லரைப் பிடித்து, அலகுகளை மாற்றிப் போட்டு ஒன்று செய்யச் சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்டார். பிரசவத்துக்கு என்றேன். அதற்குமேல் ஆண்பிள்ளைகள் கேட்பதில்லை. அந்தக் கத்தரி கைக்கு வந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. முடிச்சு போடுவதில் என்னைவிட வேகம் என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தட்ட.

பூங்காவனத்துக்குக் காலையில் வலி எடுத்தது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, நல்ல கனம், உடனே அழுதது. நான் பக்கத்தில் நின்றேன். கை வைக்கவில்லை. கன்னியம்மா ஏந்தினாள், துடைத்தாள், முடிச்சுப் போட்டாள், வெட்டினாள். அந்த நேரத்தில் வரலட்சுமி அம்மாள் எந்தக் கையைப் பார்த்தார் என்று என்னைக் கேட்டால் தெரியாது. நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்க்கிற வேலை எனக்கு இருந்தது.

வாசலில் ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். கன்னியம்மா கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டார்களே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவள் முகம் ஒரேயடியாக மலர்ந்து கிடந்தது. அரைத் தம்ளர் மோரைக் குடிப்பதற்குள் திருவேற்காட்டிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வரலட்சுமி அம்மாளின் அக்காள் மகளுக்கும் வலி கண்டிருக்கிறது. மருத்துவச்சியைக் கையோடு அழைத்து வரச் சொன்னார்களாம். வண்டியோட்டி வந்த துலுக்கானம் கன்னியம்மாவை மேலும் கீழும் பார்த்தான். அவள் தம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். பிறகு நடையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த வரலட்சுமி அம்மாளிடம் மெதுவாக, இந்தம்மா இடது கைக்காரி போலத் தெரிகிறதே என்றான்.

கன்னியம்மா தம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

வரலட்சுமி அம்மாள் பேத்தியை மடியிலிருந்து இறக்கக்கூட இல்லை. "ஆமா, பீச்சாங்கைதான். இப்ப இன்னான்ற? அங்க பொண்ணு துடிச்சிகினு கீது, நீ கைய பாத்துகினு நிக்கிற. வண்டியத் திருப்புடா."

கன்னியம்மா தம்ளரை வைத்தாள், பையை எடுத்தாள், ஏறி உட்கார்ந்தாள். துலுக்கானம் வண்டியைத் திருப்பினான்.